காது இரைச்சலும் தூக்கமும்: எதை எழுத வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்

விளக்கை அணைத்தவுடன் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஆரம்பித்துவிடுகிறது என்பார்கள். பகலெல்லாம் எங்கோ ஒளிந்திருந்த சத்தம், தலையணையில் தலை வைத்ததும் காதோரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிலருக்கு அது சில்வண்டு கத்துவது போல, சிலருக்கு நீராவி சீறுவது போல, சிலருக்கு விடாத ஒற்றை விசில். வெளியே அப்படி எந்தச் சத்தமும் இருக்காது. பெரியவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இந்த இரைச்சல் உண்டு. பெரும்பாலானோர் அதோடு பழகிவிடுகிறார்கள். பழக முடியாமல் உதவி தேடி வருகிறவர்கள் சொல்லும் முதல் குறைகளில் ஒன்று, “தூக்கம் போச்சு.”

அப்படி வருகிறவரோடு வேலை செய்யும் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்), செவிலியர், மனநல ஆலோசகர், அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் குடும்பத்தினர் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன். தூக்கத்தைப் பதிவு செய்வது இவர்களுக்கு நல்ல கருவி. ஆனால் காது இரைச்சல் உள்ளவரிடம் அதைத் தப்பாகக் கொடுத்தால் நோயை வளர்க்கும். இரைச்சலின் தொந்தரவை நீடிக்கச் செய்வதில் கவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு: ‘இப்போது கேட்கிறதா, கூடியிருக்கிறதா’ என்று மனம் காவல் காக்கக் காக்க மூளை அந்த ஒலியை முக்கியமானது என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் காவலுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச்சையும் துணைக்கு அனுப்பிவிடக் கூடாது. அதனால் நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இது: தூக்கத்தைக் கணக்கெடுங்கள், இரைச்சலைக் கணக்கெடுக்காதீர்கள், எடுக்கும் கணக்குக்கும் ஒரு முடிவுத் தேதி வையுங்கள்.

கணக்கு எதற்கு

“ராத்திரி முழுக்கக் கண்ணே மூடவில்லை” என்று ஒருவர் சொன்னால் அது பொய் இல்லை. விழித்திருந்த நேரம் நினைவில் நிற்கும், தூங்கிய நேரம் நிற்காது. தூக்கமின்மை உள்ளவர்கள் பலர் தாங்கள் தூங்கியதைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து நாம் எதையும் முடிவு செய்ய முடியாது. தூக்கம் பிடிக்கவே நேரமாகிறதா, நடுவில் உடைகிறதா, விடியும் முன்பே போய்விடுகிறதா, அல்லது எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பாக இருக்கிறதா? நான்குக்கும் நான்கு வழி. எந்த வழி என்று தெரிந்துகொள்ளத்தான் பதிவு.

இரவில் இரைச்சல் மோசமாகத் தெரிவது வெறும் பிரமை இல்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ‘ட்ராக் யுவர் டின்னிடஸ்’ (டின்னிடஸ் என்பது காது இரைச்சலின் ஆங்கிலப் பெயர்) என்ற செயலியில் பயனர்கள் நாளின் பல வேளைகளில் இட்ட பதிவுகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை இரைச்சல் அதிகமாகக் கேட்பதாகவும் அதிக வேதனை தருவதாகவும் அதில் தெரிந்தது. சுற்றுப்புறம் அடங்கும்போது உள்ளே இருக்கும் ஒலி எடுப்பாகத் தெரிவது இதற்கு எளிதில் புரியும் ஒரு காரணம். இதைக் கேட்டதுமே சிலருக்குப் பாதி பயம் போய்விடும்.

படி 1: பதிவுக்கு முன், மருத்துவரிடம் போக வேண்டியவரா என்று பாருங்கள்

திடீரென்று ஒரு நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ கேட்கும் திறன் குறைந்துபோனால் அது அவசரம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்; இரண்டு வாரம் குறிப்பெழுதிக்கொண்டிருக்கும் விஷயம் இல்லை. இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று கேட்டாலும், ஒரே காதில் மட்டும் விடாமல் இருந்தாலும், தலைசுற்றலோ முகத்தில் பலவீனமோ கூடவே வந்தாலும் முதலில் பரிசோதனைதான்.

இன்னொரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: “இதோடு வாழவே வேண்டாம் என்று தோன்றியதுண்டா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மனநல உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். தூக்கமின்மையும் இரைச்சலும் சேர்ந்து ஒருவரை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதை வெளியே இருப்பவர்கள் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள்.

படி 2: தொடக்கத்தில் ஓர் அளவு

பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கேள்வித்தாள்கள் போதும். தூக்கத்துக்கு ‘இன்சோம்னியா சிவியரிட்டி இண்டெக்ஸ்’: 7 கேள்விகள், மொத்தம் 28 புள்ளி. 15ஓ அதற்கு மேலோ வந்தால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குத் தூக்கமின்மை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரைச்சலுக்கு ‘டின்னிடஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி’ அல்லது ‘டின்னிடஸ் ஃபங்ஷனல் இண்டெக்ஸ்’. இரண்டிலும் 25 கேள்விகள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதில் தூக்கத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இரைச்சல் அப்படியே இருந்தும் தூக்கப் பிரிவு மட்டும் இறங்கினால் அதுவே வெற்றி என்று அவருக்குக் காட்ட முடியும்.

படி 3: முதலில் தாள், அப்புறம்தான் வாட்ச்

தூக்கமின்மையைக் கணிப்பதில் இன்றும் அடிப்படைக் கருவி தூக்கக் குறிப்பேடுதான். காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள், இரண்டு நிமிடத்தில் எழுதி முடிக்க வேண்டும். இரவில் எழுதக் கூடாது, மணியும் பார்க்கக் கூடாது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடச் சொல்லுங்கள். “பார்க்காமல் எப்படி எழுதுவது?” என்று கட்டாயம் கேட்பார்கள். குத்துமதிப்பாக எழுதினால் போதும். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் என்ற பதில் நமக்குப் போதுமானது. 43 நிமிடம் என்ற பதிலுக்காக அவர் நான்கு முறை மணி பார்த்திருப்பார்.

கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

- எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போனீர்கள், எத்தனை மணிக்குத் தூங்க முயன்றீர்கள்?
- தூக்கம் பிடிக்கச் சுமார் எவ்வளவு நேரமாயிற்று?
- நடுவில் எத்தனை முறை விழித்தீர்கள், எல்லாம் சேர்த்து எவ்வளவு நேரம்?
- கடைசியாக எப்போது விழிப்பு வந்தது, படுக்கையை விட்டு எப்போது எழுந்தீர்கள்?
- தூக்கம் எப்படி இருந்தது, 1 முதல் 5 வரை?
- நேற்று பகலில் தூங்கினீர்களா? மதியத்துக்குப் பின் காபி, டீ, இரவில் மது, மாத்திரை?
- படுக்கையில் ஏதாவது பின்னணி ஒலி வைத்திருந்தீர்களா?
- நேற்று இரவு இரைச்சல் எவ்வளவு தொந்தரவு செய்தது, 0 முதல் 10 வரை?

கடைசிக் கேள்வியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘எவ்வளவு சத்தமாக இருந்தது’ என்று கேட்கவில்லை, ‘எவ்வளவு தொந்தரவு செய்தது’ என்று கேட்டிருக்கிறோம். சத்தம் எவ்வளவு என்று கேட்டால் அவர் காதைக் கூர்மையாக்கி உள்ளே தேடத் தொடங்குவார். தொந்தரவு என்பது நினைத்துப் பார்த்துச் சொல்வது. அதற்கு இரைச்சலைத் தேடிப் போக வேண்டியதில்லை. இரைச்சல் பற்றி ஒரு நாளைக்கு இந்த ஒரே ஒரு எண்தான். மணிக்கொரு முறை அளவிடச் சொல்லும் செயலிகளை, ஆய்வில் பங்கேற்றால் ஒழிய, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பகல் தூக்கத்தைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சிலருக்கு மதியம் கண்ணயர்ந்து எழுந்ததும் இரைச்சல் கூடிவிடுகிறது. இது அவர்களுக்கே தெரிந்திருக்காது. இரண்டு வாரத் தாளில் மதியத் தூக்கமும் அன்றைய இரவுத் தொந்தரவும் கைகோத்து நிற்பதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

இரண்டு வாரம் எழுதினால் போதும். ஒரு வாரத்தில் விடுமுறை நாள், வேலை நாள் வித்தியாசம் சரியாகத் தெரியாது. ஒரு மாதம் என்றால் பலர் விட்டுவிடுவார்கள், விடாதவர்கள் அதிலேயே மூழ்கிவிடுவார்கள்.

படி 4: வாட்ச்சை எவ்வளவு நம்பலாம்

மணிக்கட்டில் கட்டும் கருவி தூக்கத்தை நேரடியாக அளப்பதில்லை. கை அசைவையும், தோலுக்குள் ஒளி பாய்ச்சி நாடித் துடிப்பையும் எடுத்து, அதிலிருந்து தூக்கத்தை ஊகிக்கிறது. உண்மையான தூக்க நிலைகளை அறிய மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். அது ஆய்வகத்தில் நடக்கும் பாலிசோம்னோகிராபி. அசையாமல் விழித்துக் கிடப்பவரைத் தூங்குகிறார் என்று கணக்கு வைப்பது இந்தக் கருவிகளின் பொதுவான குறை. காது இரைச்சல் உள்ளவர் இரவில் செய்வது பெரும்பாலும் அதைத்தான்: அசையாமல் படுத்து, இருட்டைப் பார்த்துக்கொண்டு, உள்ளே கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது.

ஓர் இரவை எடுத்துப் பார்ப்போம். படுக்கைக்குப் போனது 10:30. தூங்க முயன்றது 11:00. தூக்கம் பிடிக்க 50 நிமிடம். நடுவில் இரண்டு விழிப்பு, சேர்த்து 70 நிமிடம். கடைசி விழிப்பு காலை 5:30, எழுந்தது 6:15. தாளின்படி தூங்கியது 4 மணி 30 நிமிடம். அதே இரவுக்கு வாட்ச் 6 மணி 35 நிமிடம் என்று காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதை வைத்து “பாருங்கள், நீங்கள் நன்றாகத்தான் தூங்கியிருக்கிறீர்கள்” என்று சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே ‘வெளியே யாருக்கும் கேட்காத சத்தத்தைச் சொல்கிறேன், யாரும் நம்புவதில்லை’ என்ற மனக்காயத்தோடு இருப்பவர் அவர். இப்போது அவருடைய இரவையும் ஒரு கருவி மறுக்கிறது. “கருவி அசைவைப் பார்க்கிறது, நீங்கள் அசையாமல் கிடந்ததை அது தூக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

வாட்ச்சில் உபயோகமானவை படுக்கும் நேரம், எழும் நேரம், அவை நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகின்றன என்பவை. வாரச் சராசரியாகப் பாருங்கள். ‘ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்’ போன்ற ஒற்றை இரவு எண்களை விட்டுவிடுங்கள். தூக்க மதிப்பெண்ணையும் காலை அறிவிப்பையும் அணைத்துவிடலாம். முடிந்தால் பதிவை அவர் பார்க்காமல் நீங்களோ குடும்பத்தில் ஒருவரோ வாரம் ஒரு முறை பாருங்கள். கருவி தரும் எண்ணைச் சரிக்கட்டுவதற்காகவே தூக்கத்தைத் துரத்தும் நிலைக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயர் வைத்தார்கள். உள்ளுக்குள் கேட்கும் ஒலியைத் துரத்திப் பழகியவர் இதில் எளிதாக விழுவார். எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் போனைப் பார்க்கிறார் என்றால், வாட்ச்சைக் கழற்றச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

படுக்கையருகே போனை வைத்து மைக்ரோபோன் வழியே பதிவு செய்யும் செயலிகளில் ஒரு சிக்கல் உண்டு. மழைச் சத்தமோ அலைச் சத்தமோ ஓடவிட்டுத் தூங்குகிறவரின் அறையில் அது குழம்பிவிடும். பக்கத்தில் இன்னொருவர் படுத்திருந்தால் யாருடைய குறட்டை என்பதும் தெரியாது. குறட்டை இருக்கிறதா என்று அறிய, துணையைக் கேட்பதே மேல்.

படி 5: தாளைப் படிப்பது

முதலில் ஒரே ஒரு வகுத்தல். தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த மொத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதுதான் தூக்கத் திறன். மேலே சொன்ன இரவில் 270 நிமிடத் தூக்கம், 465 நிமிடப் படுக்கை. 58 சதவீதம் வருகிறது. 85க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது என்பார்கள். பதினான்கு இரவுக்கும் போட்டுச் சராசரி எடுங்கள்.

தூக்கம் பிடிக்க 30 நிமிடத்துக்கு மேல் ஆவது வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் நடந்தால், பிரச்சினை படுக்கும் வேளையில் இருக்கிறது. பெரும்பாலும் அங்கே அமைதியும் பயமும் கூட்டாளிகள். விடியற்காலை 3, 4 மணிக்கே விழித்து மறுபடி தூங்க முடியாமல், கூடவே எதிலும் நாட்டமில்லை என்றால் மனச்சோர்வு இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் போதுமான அளவு இருந்தும் காலையில் அசதி, குறட்டை, மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் என்றால் தூக்கத்தில் மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா, இருக்கக்கூடும். அதற்கு மருத்துவரின் பரிசோதனை வேண்டும்.

நடு இரவு விழிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். “இரைச்சல்தான் என்னை எழுப்புகிறது” என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் எல்லா மனிதர்களும் இரவில் பல முறை லேசாக விழித்துத் திரும்பத் தூங்கிவிடுகிறோம், காலையில் நினைவே இருக்காது. காது இரைச்சல் உள்ளவர் அந்த லேசான விழிப்பில் முதலில் சந்திப்பது இரைச்சலை. ‘ஐயோ, வந்துவிட்டது, நாளை வேலை கெட்டது’ என்று மனம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அதாவது பெரும்பாலும் எழுப்பியது இரைச்சல் இல்லை. எழுந்தபோது அது அங்கே இருந்தது. குறிப்பேட்டில் ‘விழித்ததும் முதலில் என்ன நினைத்தேன்’ என்று ஓர் இரவுக்கு ஒரு வரி எழுதச் சொன்னால், இரண்டு வாரத்தில் இது அவர் கையெழுத்திலேயே கிடைத்துவிடும். நாம் எவ்வளவு விளக்கினாலும் வராத தெளிவு அந்த ஒரு வரியில் வரும்.

அப்புறம், தொந்தரவு எண்ணை இரண்டு விதமாகத் தூக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். அதே இரவின் தூக்கத்தோடு ஒரு முறை, முந்தைய இரவின் தூக்கத்தோடு ஒரு முறை. மோசமான இரவுக்கு அடுத்த இரவில் தொந்தரவு கூடுகிறது என்றால், தூக்கத்தைச் சரிசெய்தாலே இரைச்சலின் பாரமும் குறையும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது. ஆனால் பதினான்கு இரவுகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது; வழி காட்டும் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

காபியை நிறுத்தி, புது ஒலிக்கருவி வாங்கி, மாத்திரையை மாற்றி, யோகாவும் தொடங்கினால், எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரம் பாருங்கள்.

பின்னணி ஒலியில் தொடங்குவது எளிது. இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்குச் சத்தம் வேண்டாம். அதற்குச் சற்றுக் கீழே, இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவு போதும். செவித்துணைக் கருவி போடுபவர் அதைக் கழற்றும் அந்த நொடியில்தான் சுற்றுப்புற ஒலி சட்டென்று அறுந்து இரைச்சல் மேலெழும். ஆகவே பின்னணி ஒலியை முதலில் ஓடவிட்டு, பிறகு கருவியைக் கழற்றச் சொல்லுங்கள். உயர்சுருதி ஒலிகள் கேட்காதவருக்கு ‘ஸ்ஸ்’ என்ற ஒலியால் பயனில்லை. மழை, அலை போன்ற தாழ்ந்த ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும்படி வைப்பதா, இரவு முழுக்க ஓடவிடுவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். தூக்கம் பிடிப்பதில் மட்டும் சிக்கல் என்றால் முதலாவது போதும். நடு இரவு விழிப்பு என்றால் இரண்டாவதை முயன்று பாருங்கள். எது நல்லது என்று குறிப்பேடே சொல்லிவிடும்.

அடுத்தது, பதிவு இல்லாமல் செய்யவே முடியாத ஒன்று: படுக்கை நேரத்தைச் சுருக்குவது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை) முக்கியப் பகுதி இது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இந்தச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. இரண்டு வாரச் சராசரித் தூக்கம் 5 மணி 20 நிமிடம், படுக்கையில் 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். எழும் நேரத்தை 6 மணி என்று நிலையாக வைத்து, படுக்கைக்குப் போவதை 12:30 ஆக்குகிறோம். ஐந்தரை மணி நேரம் மட்டுமே படுக்கை. தூக்கத் திறன் ஒரு வாரம் 85-90 சதவீதத்தை எட்டினால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். இப்படியே மெதுவாக. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே ஒருபோதும் இறக்கக் கூடாது. முதல் வாரங்களில் பகல் தூக்கக் கலக்கம் கூடும், வண்டி ஓட்டுவதில் கவனம் வேண்டும். வலிப்பு, இருமுனை மனநோய், சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ளவர்களுக்கும், தொழிலாகவே வாகனம் ஓட்டுபவர்களுக்கும் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். குடும்பத்தினர் தாங்களாகவே தொடங்கவும் வேண்டாம்.

தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்வது வழக்கம். காது இரைச்சல் உள்ளவரை நிசப்தமான அறைக்கு அனுப்பினால் நிலைமை மோசமாகும். அந்த அறையிலும் மங்கிய விளக்கும் மெல்லிய ஒலியும் முன்பே தயாராக இருக்கட்டும்.

தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தானாக, திடீரென்று நிறுத்தக் கூடாது. மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன், ஜின்கோ பைலோபா என்ற மூலிகை போன்றவற்றை நீடித்த காது இரைச்சலுக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவ அகாடமியின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், நீடித்துத் தொந்தரவு தரும் இரைச்சலுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது.

படி 7: நிறுத்துவது

தொடங்கும் நாளிலேயே தாளின் மேல் முடிவுத் தேதியை எழுதிவிடுங்கள். முதல் இரண்டு வாரம், பிறகு மாற்றங்கள் நடக்கும் ஆறு முதல் எட்டு வாரம், அவ்வளவுதான். கடைசி நாளில் படி 2இன் கேள்வித்தாள்களை மறுபடி கொடுத்து, முதல் வாரத் தாளையும் கடைசி வாரத் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்ந்து பாருங்கள். தொந்தரவு எண் 8இலிருந்து 6க்குத்தான் வந்திருக்கும்; ஆனால் ‘விழித்திருந்த நேரம்’ பத்தியில் 70 என்பது 20 ஆகியிருக்கும். அந்தப் பத்தியை அவரே வாய்விட்டுப் படிக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாம். இடையில் வாரத்துக்கு மூன்று மோசமான இரவுகள் என்று இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் குறிப்பேட்டை மறுபடி எடுக்கட்டும். ஒரு கெட்ட இரவுக்காக எடுக்க வேண்டாம்.